அரைக் கொபேக்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றும் தரவில்லை. சாகும்வரை தரமாட்டார் என்று இந்த நோட்டிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் கோபம் வந்தால் எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஆறும். ருஷ்யாவை ஜார் வம்சம் ஆண்ட காலத்தில், கேத்தரின் மகாராணி சைபீரியாவுக்கென்று தனியாகச் செப்புக்காசு அடித்தாள். அந்தப் பக்கத்துச் செம்பில் கொஞ்சம் வெள்ளியும் தங்கமும் கலந்திருந்தது. பிரித்தெடுக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. அதனால் அப்படியே காசாக அடித்து, சைபீரியாவுக்குள் மட்டும் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். மொத்தம் ஆறு அளவு. பத்து கொபேக், ஐந்து, இரண்டு, ஒன்று. அதற்குக் கீழே அரைக் கொபேக், அதன் பெயர் தெங்கா. கால் கொபேக்கின் பெயர் பொலுஷ்கா. பத்து கொபேக் எடைக்கல் மாதிரி கனக்கும். தெங்கா கோட்டுப் பொத்தான் அளவுதான்.

என்னிடம் ஐந்து இருக்கிறது. தெங்கா இல்லை. ஆசாரியிடம் சொல்லி, தேக்கில் ஆறு குழி வெட்டிய பெட்டி செய்து வைத்திருக்கிறேன். ஒரு குழி காலி. பெட்டியைத் திறந்தால் என் கண் அந்தக் குழிக்குத்தான் போகிறது. மற்ற ஐந்தையும் நிம்மதியாகப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கே தெரியாது.

கோயமுத்தூரில் தெங்கா வைத்திருப்பவர் ஒருவர்தான். நஞ்சப்பண்ணன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தபோது மாஸ்கோவுக்குப் போய்ப் போய் வந்தவர். ஆர்டர் எடுக்கப் போன இடத்தில் பழைய பொருள் சந்தையில் நுழைந்து காசு பொறுக்கிக்கொண்டு வந்தார். இப்போது தொழிலை மகனிடம் விட்டுவிட்டு இங்கே ஊருக்குள்ளேயே ராமநாதபுரத்து வீட்டில் இருக்கிறார். நெகமத்தில் தென்னந்தோப்பு. ஞாயிறு காலை நான் போவேன், பூதக்கண்ணாடியும் காசுமாக மதியம்வரை உட்கார்ந்திருப்போம். இது முப்பது வருடப் பழக்கம்.

இன்று நேராகவே கேட்டேன். “நஞ்சண்ணா, பாவெல் மன்னர் காலத்து மறு அச்சுக் காசு ஒண்ணு, கூடவே என்ற ரெட்டைக் கழுகுக் காசு முழு செட்டு. ரெண்டையும் வெச்சுக்கோங்க. தெங்காவ எனக்குக் குடுங்க. அடுத்த மாசம் கண்காட்சி.”

அவர் சிரித்தார். “அதைக் குடுத்துட்டா அடுத்த ஞாயித்துக்கெழம நீ எங்கப்பா போவே?”

எனக்கு எரிந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் மனைவி சுலோசனாக்கா காபி கொண்டு வந்ததைக்கூடக் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கலாமணி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். என் மனைவிக்கு இந்தக் காசுகளின் பெயர் எல்லாம் கேலிதான். கொபேக் அவளுக்குக் கொப்பரை, தெங்கா தேங்காய். “ஏனுங்க, தேங்கா இன்னைக்கும் சிக்கலீங்களா?” என்றாள்.

ஆகஸ்ட் 7, புதன்

என் கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து ஒரே தலைவலி. புது லென்ஸ் போட்டவர் ஒருவர், படி இறங்கும்போது தரை மேலே வருகிறது என்கிறார். ஒரு வாரம் பழகினால் சரியாகிவிடும் என்றால் நம்புவதில்லை.

நாணயச் சங்கத்துச் செயலாளர் பிரான்சிஸ் போன் செய்தார். “அண்ணா, உங்க மேசைக்குப் பேனர் அடிக்கணும். ‘சைபீரியச் செப்புக்காசு ஆறும் ஒரே மேசையில்’னு போடட்டுங்களா? இல்ல அஞ்சுதானுங்களா?”

“பொறுங்க, சொல்றேன்” என்றேன். அஞ்சு என்று சொல்ல நாக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ராமநாதபுரம் போகவில்லை. சாரல். ஸ்கூட்டரில் பெட்ரோல் குறைவு. முட்டியும் கொஞ்சம் வலி.

சீலிங் ஃபேனைத் துடைத்தேன். பரண்மேல் இருந்த பழைய ஃபிரேம் பெட்டிகளை இறக்கி, பிரித்து, மறுபடி ஏற்றினேன். நஞ்சப்பண்ணனிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. கையில் தூசியாக இருந்ததால் எடுக்கவில்லை.

“மறுக்கா எதுக்கு அந்த ஃபேனைத் தொடைக்கறீங்க?” என்றாள் கலாமணி. “அதுல என்ன இருக்குது? ஒரு நடை போயிட்டுத்தான் வாங்களேன்.”

போகவில்லை. அவர் வரட்டுமே. முப்பது வருடமாக நான்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நஞ்சப்பண்ணனுக்குப் பக்கவாதமாம். நேற்று காலை பல் தேய்க்கும்போது சரிந்துவிட்டாராம். மகன் தரணிதரன் போன் செய்தான். வலது பக்கம் அசையவில்லை, பேச்சு குழறுகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். “மாமா, நீங்க வந்தா அப்பாவுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்” என்றான்.

நாளை போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

டெல்லியிலிருந்து சரக்கு வந்துவிட்டது. நான் இல்லாவிட்டால் கடைப் பையன்கள் எதை எங்கே வைப்பார்களோ. மாலையில் கிளம்பலாம் என்று சட்டை மாற்றினேன். அந்த நேரத்தில் பார்வையாளர்களை விடுவார்களா என்று தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

நோயாளியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதும் நல்லதில்லை. கொஞ்சம் ஆறட்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இதைவிட ஒரு மனிதனைக் கேவலப்படுத்த முடியுமா என்று தெரியவில்லை.

காலை பத்து மணிக்கு நஞ்சப்பண்ணன் வீட்டு டிரைவர் கடைக்கு வந்தார். ஓர் உரச்சாக்குப் பையை மேசைமேல் வைத்தார். மூக்குக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு டீச்சரம்மாவும் அவர் கணவரும் திரும்பிப் பார்த்தார்கள். பைக்குள் தேங்காய். உரிக்காத தேங்காய் ஆறு.

“என்னங்க இது?”

“அய்யா ஆஸ்பத்திரியில சொன்னாருங்களாம். தேங்காய சிகாமணிகிட்டக் குடுத்துருங்கன்னு. அம்மாதான் தோப்புக்கு ஆளனுப்பி எடுத்தாரச் சொன்னாங்க. ஆறுன்னு கண்டிசனா சொன்னாருங்களாம்.”

நான் தெங்கா கேட்டேன். அவர் தேங்காய் அனுப்பியிருக்கிறார். படுக்கையில் கிடந்தும் கிண்டல் விடவில்லை. அதுவும் ஆறு. ஆறு குழிப் பெட்டியைக் குத்திக் காட்டுகிறாராம். நூற்றுக்கணக்கில் மரம் வைத்திருக்கும் மனிதர் அனுப்புகிற கணக்கைப் பாருங்கள். கஞ்சன் என்று நான் எப்போதும் சொல்வேன், கலாமணி ஒப்புக்கொள்ள மாட்டாள்.

டிரைவரிடம் திருப்பிக் கொடுத்தனுப்பியிருப்பேன். டீச்சரம்மா இருந்ததால் பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். மதியம் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வரும்போது முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தேன். இனி என்னத்துக்கு?

ஆகஸ்ட் 17, சனி

காலையில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. தொடவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

நஞ்சப்பண்ணன் போய்விட்டார்.

விடிகாலையில் போன். கலாமணி எடுத்தாள். “ஏனுங்க, எந்திரிங்க” என்று மட்டும் சொன்னாள், எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டோ பிடித்துப் போனோம்.

வீட்டில் கூட்டம். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பக்கவாதத்தில் கோணியிருந்த வாயைத் துணி கட்டி நேராக்கியிருந்தார்கள். சுலோசனாக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் “தம்பி, உங்க அண்ணன் போயிட்டாருங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நிஜமான அழுகைதான், அதில் சந்தேகம் வேண்டாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் ஒரு செப்புக்காசு.

எனக்கு எந்தக் காசும் பத்தடி தூரத்தில் தெரிந்துவிடும். ராணியின் பெயரெழுத்து, சுற்றி இலை வளையம், கீழே கொலீவன் காசுச்சாலையின் இரண்டு எழுத்து. தெங்கா. என் தெங்கா. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “இப்பத்து எவர்சில்வர் காசையெல்லாம் வெக்கக்கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். செப்புக்காசுதான் வெக்கோணும். நல்லவேளை, நஞ்சப்பன்கிட்டயே ஒரு பெட்டி நெறைய இருந்துச்சு. சுலோசனாதான் இருக்கறதுலயே சின்னதாப் பாத்து எடுத்தா. பெருசெல்லாம் நெத்தியில நிக்காதே.”

பொலுஷ்கா அதைவிடச் சின்னது. ஆனால் நஞ்சப்பண்ணனிடம் பொலுஷ்கா கிடையாது, என்னிடம்தான் இருக்கிறது.

நான் தலைமாட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். வேறு எதுவும் எனக்கு ஓடவில்லை. பாடை கட்டுவதற்குள் காசு நழுவி விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வேறு காசு மாற்றி வைக்கலாம். அதற்காக நடந்தே முக்குக் கடைக்குப் போய், எப்போதும் பர்ஸில் வைத்திருக்கும் ஜார்ஜ் ராஜா காலத்துக் காலணாவைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கூட்டத்தில் பர்ஸைத் திறந்தால் பார்ப்பார்கள் என்றுதான் கடைக்குப் போனது. “காசு நழுவுது, சரி பண்றேன்” என்று குனிந்தேன். நஞ்சப்பண்ணனின் மச்சினர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “விடுங்க சிகாமணி, மனசத் தேத்திக்கோங்க” என்று தோளைத் தட்டினார். பக்கத்திலிருந்த பெண்கள் எனக்காக அழுதார்கள். இப்படி ஒரு சிநேகிதம் இந்தக் காலத்தில் யாருக்கு வாய்க்கும் என்று ஓர் அம்மாள் சொன்னார்.

நான்காம் தேதி வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன் என்று எழுதியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று எழுதவில்லை. “போறப்ப நெத்தியில ஒட்டிக்கிட்டே போங்க” என்று சொன்னேன்.

மயானத்துக்கு நானும் போனேன். கேஸ் அடுப்புக் கதவு மூடும்போது பார்க்கவில்லை, வெளியில் வந்து உட்கார்ந்துவிட்டேன். செம்பு உருக என்ன சூடு வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடவுளே, அந்த நேரத்தில் நான் அதைத்தான் யோசித்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கடையைத் திறந்து வைத்துவிட்டு மயானத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்பவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நேற்று வைத்த நெற்றிக்காசு என்ன ஆகும் என்று கேட்டேன்.

“சில பேரு அப்புடியே உள்ள உட்டுருவாங்க. சில பேரு எனக்குக் குடுப்பாங்க. நேத்து பெரியவரோட காசைத்தானுங்க கேக்கறீங்க? அந்தப் பையனே கழட்டி மடியில கட்டிக்கிட்டாருங்க. அவங்கூட்டு வழக்கமாம். நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“சிநேகிதன்” என்றேன்.

“சிநேகிதருக்கு நெத்திக்காசுல பாத்தியம் இல்லீங்களே” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் காசு தப்பித்துவிட்டது. திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் கொஞ்சம் பாட்டுக்கூட வந்தது, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சுங்கம் ரவுண்டானா வரை போன பிறகுதான் எங்கே போகிறேன் என்று உறைத்தது. ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பி வந்தேன்.

வீட்டில் மிக்ஸியின் ஜார் கசிகிறது என்றாள் கலாமணி. பிரித்து வாஷர் மாற்றினேன். மதியம் தூக்கம் வரவில்லை. புதிதாக ஏலத்துக்கு வந்திருக்கும் ஓர் ஐந்து கொபேக்கின் படத்தை பிரான்சிஸ் அனுப்பியிருந்தார். ஓரத்து அச்சு சந்தேகமாக இருந்தது. இதை நஞ்சப்பண்ணனிடம் காட்டினால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். போனில் அவர் பெயரை எடுத்துவிட்டேன், அழுத்தவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

தரணிதரன் கடைக்கு வந்தான். அவன் அப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கொண்டு வந்திருந்தான். அந்த ஃபிரேமில் தன் பவருக்கு லென்ஸ் போட்டுக் கொடுக்கச் சொன்னான். நல்ல ஃபிரேம், நான்தான் கொடுத்தது.

டீ வரவழைத்தேன். பேச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. நான் வராததைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

“தேங்கா நல்லா இருந்துச்சுங்களா மாமா?”

“ம்.”

“அதுக்கு அப்பா பட்ட பாடு இருக்குதே. பேச்சே ஒண்ணும் புரியாது. ரெண்டு நாளா ‘தேங்கா, சிகாமணி, தேங்கா, சிகாமணி’ன்னு அதையேதான் சொல்லீட்டுக் கெடந்தாரு. நர்ஸுக்குப் புரியல, எனக்கும் புரியல. அம்மாதான் கண்டுபுடிச்சாங்க. அப்பா தலைய ஆட்டறாரு, இல்லைங்கறாரா ஆமாங்கறாரான்னே தெரியல. இடது கையில இத்தனூண்டு வட்டம் போட்டுக் காட்டறாரு.”

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினான். கோட்டுப் பொத்தான் அளவு.

“அம்மா அதைப் பாத்துட்டு, பெருசு வேண்டாங்கறாரு, சின்னக் காயாப் பாருங்கன்னு தோப்புக்குப் போன் போட்டாங்க. அப்பறம் ‘ஆறு, ஆறு’ன்னாரு. ‘ஆறும் ஆச்சுன்னு சொல்லு’ன்னாரு. சரி, ஆறு காயாட்ட இருக்குதுன்னு எடுத்தாந்து, பையைத் தெறந்து கட்டில்கிட்ட அவருகிட்டயே காட்டுனோம்.”

“காட்டுனீங்களா?”

“காட்டுனோம். கொஞ்ச நேரம் அதையே பாத்தாரு. அப்பறம் சிரிச்சாருங்க மாமா. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, ஆனா சிரிப்புத்தான். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. படுத்ததுக்கப்பறம் அவரு சிரிச்சதே அப்பத்தான். எதுக்குச் சிரிச்சாருன்னு எங்களுக்கு இன்னும் புரியல.”

எனக்குப் புரிந்துவிட்டது. உலகத்தில் அந்தச் சிரிப்பு புரிந்த ஆள் நான் ஒருவன்தான். தெங்காவைக் கொடுக்கச் சொன்னால் பையில் தேங்காய் வந்து நிற்கிறது. அதை எடுத்துச் சொல்ல வாய் ஒத்துழைக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஆத்திரப்பட்டுச் செத்திருப்பான். நஞ்சப்பண்ணன் சிரித்தார். நான் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நான் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருப்போம்.

“நெத்திக்காசு எங்க இருக்குது தரணி?”

“அம்மாகிட்ட. ஏனுங்க மாமா?”

“சும்மா கேட்டேன்.”

அவன் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஒன்று தெளிவாகிவிட்டது. அந்தக் காசு எனக்குத்தான். நஞ்சப்பண்ணன் தன் வாயால், எல்லோரும் கேட்க, எனக்குக் கொடுத்துவிட்டார். நடுவில் நடந்தது காது செய்த தப்பு. அதைச் சரிசெய்வதில் பிழை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் செத்தவரின் கடைசி ஆசையை நிறைவேற்றுவது என் கடமை.

கலாமணியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். அவளுக்கும் கண் கலங்கிற்று. தேங்காய் என்று முதலில் கேலி செய்ததே அவள்தானே. பிறகு, “நெத்திக்காசை நம்மூட்டுக்குள்ள கொண்டாராதீங்க, கடையிலயே வெச்சுக்கோங்க” என்றாள். அதுவரை சரி. காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, “அந்தக்காகிட்ட எப்புடிச் சொல்லுவீங்க?” என்று கேட்டாள்.

எப்படி என்றால், உள்ளதைச் சொல்வேன்.

ஆகஸ்ட் 31, சனி

பிரான்சிஸ் மறுபடி கூப்பிட்டார். திங்கட்கிழமை பேனர் அச்சுக்குப் போகிறதாம். “ஆறு” என்றேன். அவர் போனிலேயே கைதட்டினார். “கோயமுத்தூருல யாரும் வெச்சதில்லீங்கண்ணா” என்றார்.

பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். நாளை ஞாயிறு, கருமாதியும் முடிந்துவிட்டது, தரணி திருப்பூர் போயிருப்பான். அக்காவிடம் தனியாகப் பேசலாம். என்ன பேசுவது என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். “அக்கா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங்க” என்று ஆரம்பிப்பதுதான் நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

வழக்கமான நேரத்துக்குப் போய்விட்டேன். சுலோசனாக்கா வந்து கதவைத் திறந்தார். “ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா இந்நேரம் கேட்டுச் சத்தம் கேக்கும். போன வாரம் கேக்கல. இனிமேட்டு வரமாட்டீங்கன்னு நெனச்சேன் தம்பி” என்றார்.

வழக்கமான நாற்காலியில் உட்காரவா வேண்டாமா என்று தயங்கினேன். அவரே அதைக் காட்டினார். காபி வந்தது. இந்த முறை குடித்தேன். மின்கட்டணம் அவர் பெயரில் மாற்ற வேண்டும், வங்கியில் ஏதோ கையெழுத்து கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த வாக்கியத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும் தம்பி. எதுக்குங்க உங்களுக்குத் தேங்காய் குடுக்கச் சொன்னாரு? தரணி கேக்கறான், அவங்க மாமன் கேக்கறாரு. எனக்குச் சொல்லத் தெரியல.”

இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாயைத் திறந்தேன். அவர் எனக்கு முன்னால் பேச ஆரம்பித்துவிட்டார்.

“கல்யாணம் ஆன நாள்லருந்து உங்கண்ணன் எங்கிட்ட எதும் கேட்டதில்லீங்க. எல்லாம் அவரே பாத்துக்குவாரு. நான் ஏதாச்சும் சொன்னாலும், உனக்குப் புரியாது விடும்பாரு. கோவமா இல்ல, சாதாரணமாத்தான் சொல்லுவாரு. நிசமாவே எனக்குப் புரியாதுதான். மாஸ்கோங்கறாரு, ராணிங்கறாரு, நான் என்னத்தக் கண்டேன். ஆனா ஆஸ்பத்திரியில டாக்டருக்குப் புரியல, பெத்த பையனுக்குப் புரியல, எனக்குப் புரிஞ்சுது தம்பி. அவரு சொன்னதை நான் செஞ்சு, அதை அவரு கண்ணால பாத்து, சிரிச்சாரு. அந்தச் சிரிப்பை நெனச்சுக்கிட்டுத்தான் படுக்கறேன், எந்திரிக்கறேன். இல்லாட்டி நான் பைத்தியமே ஆயிருப்பேன்.”

சுவரில் நஞ்சப்பண்ணன் படம் மாலையோடு இருந்தது. அதைப் பார்க்காமல் சொன்னேன். “நாந்தானுங்க கேட்டிருந்தேன். உங்க தோப்புத் தேங்காயில சட்னி நல்லா இருக்கும், ஆறு காய் குடுங்கன்னு. கலாமணிக்கு ரொம்பப் புடிக்குமுங்க.”

“பாத்தீங்களா” என்றார் அக்கா. “சொன்ன வார்த்தைய மறக்காம.” முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் அவ்வளவு தெளிந்துவிட்டது. “மறுக்கா ஒரு சாக்கு அனுப்பறேன். ஆறு காய் என்ன கணக்கு.”

எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அக்கா எனக்கு முன்னால் எழுந்து சாமி அலமாரிக்குப் போனார். மஞ்சள் துணி முடிச்சொன்றைக் கொண்டு வந்து என் முன்னால் அவிழ்த்தார்.

“இது உங்கண்ணனோட நெத்திக்காசு. எங்க வழக்கத்துல பொஞ்சாதிதான் வெச்சிருக்கோணும். நான் போறப்ப என்ற நெத்திக்கு இதேதான். இதைப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும். எடுத்துப் பாருங்க.”

என் உள்ளங்கையில் வைத்தார். முப்பது வருடத்தில் நஞ்சப்பண்ணன் இதைக் கண்ணாடி உறையோடுதான் காட்டியிருக்கிறார், கையில் தந்ததில்லை. நான் நினைத்திருந்ததைவிட மெல்லிசு. எழுத்துப் பள்ளத்திலெல்லாம் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டிவிடக் கை பரபரத்தது, சுரண்டவில்லை. பின்பக்கம் திருப்பினேன். ருஷ்ய எழுத்து ஐந்தில் தெங்கா என்று இருந்தது. சந்தனத்துக்கு நடுவிலும் தெளிவாகப் படிக்க முடிந்தது.

“தெனம் சாமி கும்பிடறப்ப எடுத்துப் பாக்கறேன்” என்றார். “அவரு ஒவ்வொரு காசுக்கும் ஒரு பேரு சொல்லுவாரு. நான் காதுலயே வாங்குனதில்ல. இதுக்கு என்ன பேருங்க தம்பி?”

எனக்குத் தெரிந்த காசுக்கு நான் யாரிடமும் பெயர் மாற்றிச் சொன்னதில்லை. சங்கத்தில் ஒருவர் வருடத்தைத் தப்பாகச் சொன்னாலே மேடையில் எழுந்து திருத்துகிறவன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், சொன்னால் மனப்பாடம் செய்துகொள்ளத் தயாராக.

“கொபேக்குங்க” என்றேன்.

“கொபேக்கு” என்று சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் காசை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். துணியில் வைத்து இறுக முடிந்துகொண்டார்.

“அடுத்த ஞாயித்துக்கெழமை வருவீங்களா தம்பி? காசு பாக்க இனி ஆளில்ல. ஆனாலும் வாங்க.”

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காலையில் பேனர் அச்சுக்குப் போவதற்குள் பிரான்சிஸைக் கூப்பிட்டு, அஞ்சு என்று சொல்ல வேண்டும்.